இடப்பக்கத்துப் பொறி



சென்ற தவணையில் ஒருநாள் பத்தாந்தர வகுப்பிலே பரணி இலக்கியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வாள், வேல், வில், தோமரம் என்று படைக்கலங்களின் பெயர்களை நான் அடுக்கிக்கொண்டு போக, தோட்டவெளியிலிருந்து வருகின்ற ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

"சேர், உலகத்திலேயே எடுக்கிறதுக்கு ஆகக் கஷ்டமான துவக்கு எது சேர்?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009ஆம் ஆண்டுக்குப் பிறகு பிறந்த பிள்ளை அவன். கைத்தொலைபேசி விளையாட்டில் வருகிற துவக்குகளின் பெயரும் விலையும் அவனுக்கு மனப்பாடம். நான் அவன் வயதில் இருந்தபோது துவக்குகளை அவற்றின் சத்தத்தைக் கொண்டு வேறுபிரித்து அறிந்திருந்தேன். இது எங்கே வெடிக்கிறது, எத்தனை மைலுக்கு அப்பால், படுக்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்பதே எங்களுக்கு அந்தக் கல்வியின் பயன். அவனுக்கோ அது ஓர் ஆசை. கிடையாத முத்திரையைத் தேடுகின்றவன் கொள்ளும் ஆசையைப் போன்றது. அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. "பாடத்தைக் கவனி" என்று சொல்லி அமர்த்திவிட்டேன். அன்று அவனுக்குச் சொல்லாத மறுமொழியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தமிழாசிரியனுடைய பலவீனம் சொல்லிலே தொடங்குவது. ஆகவே சொல்லிலிருந்தே வருகிறேன். தமிழ்நாட்டார் 'துப்பாக்கி' என்பதை நாங்கள் 'துவக்கு' என்கிறோம். சிங்களத்தில் 'துவக்குவ'. இரண்டுக்கும் மூலம் துருக்கி மொழியின் 'துஃபெக்'. அச்சொல் பாரசீகத்துக்கும் தக்கணத்துக்கும் போய், அங்கிருந்து தெற்கே இறங்கியது. நாம் தொடங்குவதைத் 'துவக்குவது' என்று சொல்வதற்கும் இதற்கும் உறவில்லை. ஆனால் எத்தனையோ காரியங்கள் இந்தத் துவக்கிலேயே துவங்கியிருக்கின்றன என்பதனால், உறவு உண்டென்று யாராவது மேடையில் சொன்னால் நான் எழுந்து மறுக்கமாட்டேன்.

பீரங்கி என்ற சொல் இன்னும் சுவையானது. 'பிராங்க்' இனத்தவரை அராபியரும் பாரசீகரும் 'ஃபரங்கி' என்றார்கள். ஐரோப்பியர் எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று. அதுவே தமிழில் மனிதனைக் குறிக்கும்போது பறங்கி, அவன் கொண்டுவந்த ஆயுதத்தைக் குறிக்கும்போது பீரங்கி. ஆளுக்கும் ஆயுதத்துக்கும் ஒரே பெயரை வைத்தவர்கள் நம்முடைய முன்னோர். அவர்கள் கண்டது அவ்வளவே போலும்.

மூன்றாவது சொல் வெடிமருந்து. கொல்லுகின்ற பொடிக்கு மருந்தென்று ஏன் பெயர்? சிங்களத்தில் 'வெடி பெஹெத்' என்றாலும் அதே பொருள்தான். பாரசீகத்தில் 'தாரூ' என்றால் மருந்து, வெடிமருந்து, கள்ளு மூன்றுமே. மலாய் மொழியிலும் துவக்கின் மருந்து என்றே சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மூத்த சீனச் சொல்லான 'ஹுவோயாவ்', நெருப்பு மருந்து என்று பொருள்படுவது. சாவா மருந்து தேடிய சீன வைத்தியர்கள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்தபோது கண்டுபிடித்தது இது என்பர். பொருள் பயணம் செய்த வழியெல்லாம், ஊருக்கு ஊர் மொழிபெயர்த்துக்கொண்டு பெயரும் கூடவே வந்திருக்கிறது.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம்.

1505ஆம் ஆண்டளவில் லோரன்சோ டி அல்மேதாவின் கப்பல்கள் கொழும்புக்கு வந்தபோது, கோட்டை அரசனுக்கு அவனுடைய ஆட்கள் கொண்டுபோன செய்தியை ராஜாவலிய என்ற சிங்கள நூல் சொல்கிறது. பாணைக் கல்லென்றும் முந்திரிகை இரசத்தை இரத்தமென்றும் எண்ணி மயங்கிய அந்த ஆட்கள், பீரங்கியைப் பற்றிச் சொன்னதில் மட்டும் மயக்கமில்லை. அதன் ஓசை இடியை மிஞ்சியது என்றும், அதன் குண்டு தொலைவில் உள்ள கோட்டையையும் தகர்க்கும் என்றும் சரியாகவே சொன்னார்கள்.

ஆனால் பயந்து நின்ற காலம் நீளவில்லை. இதுதான் நம்முடைய பாடப்புத்தகங்களில் போதிய அளவு சொல்லப்படாத செய்தி. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் இந்த நாட்டுக் கொல்லர்கள் அந்தக் கலையைக் கைப்பற்றிவிட்டார்கள். இந்தச் சங்கதி இங்கு மட்டும் நடந்ததன்று. கோவாவைப் பிடித்த அல்புகெர்க், அங்கிருந்த கொல்லர்கள் பொஹீமியரோடு சரிசமமாகத் துவக்குச் செய்கிறார்கள் என்று 1513இல் தன் அரசனுக்கு எழுதினான். 1543இல் யப்பானின் தனேகாஷிமா தீவில் ஒதுங்கிய போர்த்துக்கேயரிடம் அத்தீவின் தலைவன் இரண்டு துவக்குகளை வாங்கினான். சில ஆண்டுகளுக்குள் யப்பான் தானே துவக்குச் செய்யும் நாடாயிற்று.

சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன் 1587, 1588இல் கொழும்பை முற்றுகையிட்டபோது அவனுடைய படையில் துவக்குக்காரர் பெருந்தொகையாக இருந்தார்கள். அக்காலத்தில் கோவாவில் வாழ்ந்த லின்ஸ்கோத்தன் என்ற ஒல்லாந்தர் 1596இல் வெளியிட்ட நூலில், சிங்களக் கொல்லர் செய்யும் துவக்குக் குழல்களுக்கு நிகரானவை வேறெங்கும் இல்லையென்றும், அவை வெள்ளி போல மின்னுமென்றும் எழுதினார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். கோவாச் சந்தையில் கேட்டதை எழுதியவர். சந்தைவரை ஒரு கைவினையின் புகழ் போயிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி, மாணவனுடைய கேள்விக்கு உரிய துவக்கைக் காட்டுகிறேன். பழைய ஆயுதங்களைச் சேர்க்கின்றவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் கனவு காணுகின்ற பொருள்களின் வரிசையிலே கண்டி அரசின் துவக்குக்குத் தனி இடம். அதனை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். குழல் நீண்டது. வாய்ப்பக்கம் பூப்போல் விரியும். குழலின்மேல் வெள்ளியும் சிலவற்றில் பொன்னும் பதித்த கொடிவேலை. சிங்களவர் 'லியவெல' என்பது. தோளில் பதியும் அடிக்கட்டை, ஏதோ ஒரு விலங்கு வாயைத் திறந்ததுபோல இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். அதன்மேல் யானைத்தந்தத் தகடுகள், அத்தகடுகளிலும் செதுக்கல்.

எல்லாவற்றிலும் விசேஷம், தீப்பொறி தட்டுகின்ற அந்த இயந்திரம். அதனைப் பொறி என்றே சொல்வோம். நெருப்புப் பொறியும் அதுவே, இயந்திரப் பொறியும் அதுவே, தமிழுக்கு இந்த வசதி உண்டு. மற்ற நாட்டுத் துவக்குகளில் பொறி வலப்பக்கம் இருக்கும். வலக்கைக்கு அதுதானே வாய்ப்பு? கண்டித் துவக்கில் அது இடப்பக்கம். வில்லும் வெளியே தெரியும்படி, ஐபீரியத் துவக்குகளின் சாயலிலே பொருத்தப்பட்டிருக்கும். ஆயிரம் துவக்குகளைக் கலந்து வைத்தாலும் இலங்கைத் துவக்கை இந்த ஒரு குறியினால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

இதைப்பற்றி விரிவாக எழுதியவர்களுள் இருவரைச் சொல்ல வேண்டும். பி. ஈ. பி. தெரணியகல 1942இல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் சிங்கள ஆயுதங்களும் கவசமும் பற்றி எழுதினார். அவருக்கு முன்னர், 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், துவக்கையும் ஒரு கலைப்பொருளாகவே வைத்துப் பேசியவர் ஆனந்த குமாரசுவாமி. சிங்களக் கம்மாளனின் கைவேலையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழ்த் தந்தையின் மகன் என்பதை, இன்றைய நாளில் ஒருமுறை நினைத்துக்கொள்வதில் பிழையில்லை. கொழும்புத் தேசிய நூதனசாலை திறக்கப்பட்டதும் அவர் பிறந்ததும் 1877 என்ற ஒரே ஆண்டில்.

கண்டியிலே துவக்கு அரசனின் பட்டறைப் பொருள். துவக்குக்காரருக்குத் தனிப்பகுதி, அதற்கொரு கணக்கன், காணிமானியம் எல்லாம் இருந்தன. தாங்கியில் வைத்துச் சுடும் சிறு பீரங்கியைக் 'கொடித்துவக்கு' என்றார்கள். அப்பகுதியில் கடமை செய்தோரின் வழிவந்தவர்கள் இன்றைக்கும் கொடித்துவக்கு என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்கும்போது நாம் யாரும் பீரங்கியை நினைப்பதில்லை. ஒரு தபாலதிபரையோ கணித ஆசிரியரையோதான் நினைப்போம். 1815இல் அரசு போயிற்று. அரசோடு பட்டறையும் போயிற்று. பொன்னும் தந்தமும் கொடுத்துத் துவக்குச் செய்விக்க யாருமில்லாதபோது அந்தக் கை எப்படி மிஞ்சும்? இருந்தவை நாடு நாடாகப் போயின. அரிதாகக் கிடைப்பதற்குக் காரணம் இவ்வளவே.

எல்லாவற்றிலும் அரியது ஒன்று உண்டு. அதன் கதை சிறிது நீண்டது.

1745ஆம் ஆண்டளவில் லெவ்கே திசாவை என்ற பிரபு தன் அரசனுக்கு ஒரு சிறு பீரங்கியைக் காணிக்கையாகக் கொடுத்தார். ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளந்தான். குழல் வெண்கலம். அதன்மேல் பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள். சூரியனும் பிறையும் சிங்கமும் அரச சின்னங்களாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர் இன்னாரென்று சிங்களத்தில் எழுத்தும் உண்டு. அதனை வாங்கிக்கொண்ட அரசன் யார்? அப்போது கண்டியில் ஆண்டவன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தின் முதல் அரசன். சிங்களப் பிரபு கொடுக்க, தென்னிந்திய அரசன் வாங்க, பறங்கியின் பெயர்கொண்ட ஆயுதம். இந்த நாட்டின் வரலாற்றை ஒரு மீற்றர் நீளத்துக்குள் அடக்கச் சொன்னால் இதைவிட வேறென்ன செய்ய முடியும்? அதனால் யாரையும் சுடுவதற்காக அது செய்யப்பட்டதன்று. கொலுவிலே வைப்பதற்குச் செய்யப்பட்டது.

இருபது ஆண்டுகள் சென்றன. ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் 1764இல் கண்டிமேல் படையெடுத்துத் தோற்றான். 1765 பெப்ரவரியில் மீண்டும் சென்று நகருக்குள் புகுந்தான். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் முன்னரே மலைகளுக்குள் விலகிவிட்டான். அரண்மனை சூறையாடப்பட்டது. பிடித்த நகரைக் காப்பாற்ற ஒல்லாந்தரால் முடியவில்லை. காய்ச்சலும் பசியும் அவர்களை அவ்வாண்டிலேயே வெளியேற்றின. வான் எக்கும் கொழும்புக்குத் திரும்பிச் சில வாரங்களுக்குள் இறந்துபோனான். ஆனால் எடுத்த பொருள்கள் எடுத்தவைதான். பீரங்கி கப்பலேறி, ஒல்லாந்தின் ஆட்சித் தலைவன் ஐந்தாம் வில்லியத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. பின்னர் அம்ஸ்ரர்டாம் நகரின் ரைக்ஸ் நூதனசாலைக்கு வந்து, அங்கே பார்வையாளர் விரும்பிப் பார்க்கும் பொருளாயிற்று.

பி. எச். டி. எச். டி சில்வா என்ற அறிஞர், தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர், வெளிநாடுகளில் உள்ள இலங்கைப் பொருள்களைத் தேடித்தேடிப் பதிவுசெய்து 1975இல் ஒரு பெரும் பட்டியல் நூலை வெளியிட்டார். எதை இழந்தோம் என்று எழுதிவைக்கின்ற மனிதருக்கு உடனே ஒரு கூலியும் கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் பட்டியல் இல்லாவிடில் பின்னர் கேட்டிருக்கவே முடியாது. நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் இரு நாட்டாரும் சேர்ந்து பொருள்களின் பூர்வீகத்தை ஆராய்ந்தார்கள். 2023 யூலையில் அந்நாட்டு அரசு தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆறு பொருள்கள் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பீரங்கி, பொன் வேலைப்பாடுள்ள வாளொன்று, வெள்ளி வாளொன்று, கத்தியொன்று. மற்ற இரண்டும் மதிலில் தாங்கிவைத்துச் சுடுகின்ற பெரிய துவக்குகள். 'மகா துவக்கு' என்று சொல்லப்படுபவை. 258 ஆண்டுகளுக்குப் பிறகு துவக்கொன்று வீட்டுக்கு வந்தது என்று எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

இவை விலைக்குக் கிடைப்பவையல்ல. விலைக்குக் கிடைப்பவற்றின் விலையைக் கேட்டாலும் தலை சுற்றும். 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்பு சுல்தானின் ஆயுதங்கள் படைவீரர்களுக்குப் பங்காகின. குழலில் புலிக்கோடு, நபிகள் பிறந்த ஆண்டிலிருந்து எண்ணிய ஆண்டுக் கணக்கு, புலித்தலை வடிவில் உறுப்புகள் என்று திப்புவின் துவக்குகளைக் கண்டவுடன் அறியலாம். றொபின் விகிங்ரன் என்ற ஆங்கிலேயர் வாழ்நாளெல்லாம் அவற்றைச் சேர்த்து, 1992இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2015 ஏப்ரலில் இலண்டன் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்புவின் ஆயுதத் தொகுதியொன்று ஏறக்குறைய 60 இலட்சம் பவுணுக்குப் போயிற்று. அதில் ஒரு சிறு பீரங்கி மட்டும் 14 இலட்சத்துக்கு மேல்.

இவ்வளவு பணத்தை யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. சுடுவதற்கன்று. சுட முடியாத துவக்குக்கே விலை கூட. துவக்கு தன் தொழிலை மறந்த பிறகுதான் அழகாகத் தெரிகிறதோ? எடுத்துக்கொண்டு போகவே முடியாத ஆயுதமும் உண்டு. தஞ்சாவூர்ப் பீரங்கிமேட்டில் கிடக்கும் இராஜகோபாலப் பீரங்கி ஏழரை மீற்றர் நீளம், 22 தொன் அளவு நிறை. வார்த்ததன்று, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து ஒட்டியது. இரகுநாத நாயக்கரின் காலத்ததென்பர். அவர் யாழ்ப்பாணத்தாருக்குத் துணையாகப் போர்த்துக்கேயருக்கு எதிராக 1620, 1621இல் படை அனுப்பியவர். அந்தப் படையும் இங்கே தோற்றது. பெரிய பீரங்கி தஞ்சாவூரிலேயே இருந்துவிட்டது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

மன்னாரிலிருந்து தலைமன்னார்ப் பக்கம் போகிறவர்கள் தோட்டவெளியைக் கடந்துதான் போகவேண்டும். பனையும் மணலும், வெயிலில் கண் கூசுகின்ற வெளியும். இங்கே வேதசாட்சிகளின் நினைவாக அமைந்த கோயில் உண்டு. யாழ்ப்பாணத்து அரசன் முதலாம் சங்கிலி 1544இல் படையோடு வந்து, புதிதாகக் கிறிஸ்தவர்களான பட்டிம் கிராமத்தவரைக் கொல்லுவித்தான். அறுநூறுக்கு மேற்பட்டோர் என்று சொல்லப்படுகிறது. யப்பானியர் துவக்கு வாங்கியதற்கு அடுத்த ஆண்டு அது. அந்தக் கொலைக்குத் துவக்கு வேண்டியிருக்கவில்லை, வாளே போதுமாயிருந்தது. நல்லூரில் சங்கிலி என்ற பெயரைச் சொன்னால் குதிரைமேல் வாளேந்திய சிலை நினைவுக்கு வரும். தோட்டவெளியில் அதே பெயரைச் சொன்னால் சொல்பவனை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிற நான், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று யாழ்ப்பாண அரசின் பெருமையைச் சொல்லும்போது, அந்தப் பெயர் வருகின்ற வரியில் என் குரல் சற்றே தாழ்ந்துவிடுவதை நானே கவனித்திருக்கிறேன்.

துவக்கு பின்னால் வந்தது. 1560இல் கொன்ஸ்தந்தினோ டி பிரகன்சா பெருங்கடற்படையோடு யாழ்ப்பாணத்தைத் தாக்கினான். நல்லூரைப் பிடித்தும் வைத்திருக்க முடியாமல் பின்வாங்கி, மன்னாரிலே கோட்டையைக் கட்டினான். கொல்லப்பட்டவர்களுக்குப் பழி வாங்குவதென்பது சொல்லிய நியாயங்களுள் ஒன்று. முத்துச் சலாபம் சொல்லாத நியாயம். 1658இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 19 ஆண்டுகள் கண்டியரசில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் காடுகளுக்கூடாகத் தப்பி 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தது நமது அரிப்புக் கோட்டைக்கு. முல்லைத்தீவுக் கோட்டையை 1803இல் தாக்கிப் பிடித்த பண்டார வன்னியனைக் கற்சிலைமடுவில் தோற்கடித்த வொன் டிறிபேர்க்கின் படை புறப்பட்டதும் மன்னாரிலிருந்துதான். துவக்குகள் வந்துபோன வாசல் இது. வந்துபோன துவக்குகள் எதிலும் எங்கள் ஊர்க்காரரின் பெயர் பொறிக்கப்படவில்லை.

ஆயினும் எங்களுக்கென்று ஒரு துவக்கு இருந்தது. அதற்குப் பெயர் இடியன். பெருநிலப்பரப்பின் குளக்கட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வாய்ப்பக்கத்தால் மருந்தைப் போட்டு, தென்னந்தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, சன்னத்தைப் போட்டு மீண்டும் தும்பை இடித்து இறுக்குவதனால் இடியன். ஊர்க்கொல்லன் கைப்பட்ட சாமான். பன்றியும் மரையும் வயலை அழிக்காமலிருக்கவும், சில வேளைகளில் கறிக்காகவும். அதன் தம்பி கட்டுத்துவக்கு. ஆளில்லாமலே சுடுவது, கயிறு இடறினால் வெடிப்பது. பன்றிக்குக் கட்டியது யானைக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் பட்டு, கால் போனவர்கள் உண்டு. இந்தத் தம்பியைப் பற்றி எந்த நூலும் அழகாக எழுதப்போவதில்லை.

என் பெரியப்பாவிடம் ஓர் இடியன் இருந்தது. அவர் தாய்வழியில் மாந்தைப் பக்கத்தவர். காடு காக்கப் போகும்போது அதனைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போவார். அதன் அடிக்கட்டை முதிரை மரம். அவருடைய கன்னம் படுகின்ற இடம் எண்ணெய் பூசியதுபோல மின்னும். குழந்தைகளைத் தொட விடமாட்டார். "இது உருத்திரன், சும்மா தொடப்படாது" என்பார். பொன்னுமில்லை, தந்தமுமில்லை. ஆனால் கட்டையின் ஓரத்தில் சிறுசிறு பூக்கள் வெட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். யார் சொல்லி அந்தக் கொல்லன் பூ வெட்டினான்? பன்றி சுடுவதற்குப் பூ எதற்கு?

யுத்தம் வந்தது. துவக்கு வைத்திருந்தால் ஒரு தரப்பார் வந்து கேட்பார்கள். கொடுத்தால் மற்றத் தரப்பார் வந்து ஏன் கொடுத்தாய் என்பார்கள். கொடுக்காவிட்டால் இரு தரப்பாரும் வருவார்கள். 1990இல் ஒருநாள் இரவு பெரியப்பா அதனைத் துணியில் சுற்றி, அதன்மேல் சாக்கைக் கட்டிக்கொண்டு வெளியே போனார். ஈரக்காலோடு திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று பெரியம்மா கேட்கவுமில்லை. சில நாட்களில் நாங்கள் எல்லோரும் மடுவுக்குப் போனோம். அங்கிருந்து சிலர் கடல்கடந்து இராமேசுவரம் போனார்கள். பெரியப்பா திரும்பி வந்து வயல் செய்த காலத்திலும் அதைப்பற்றிப் பேசியதேயில்லை. பன்றிக்குத் தகரம் தட்டினார்.

சென்ற ஆண்டு மாணவர்களைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப்போனோம். கேள்வி கேட்ட பையனும் வந்தான். கண்ணாடிக்குள் இருந்த கண்டித் துவக்கின் முன்னால் அவன் நெடுநேரம் நின்றான். இடப்பக்கத்துப் பொறியை நான் காட்டினேன். அவன் தன் கைகளில் இல்லாத துவக்கொன்றை ஏந்திப் பார்த்து, தோளை மாற்றி, மீண்டும் ஏந்திப் பார்த்தான்.

"இது இடக்கைக்காரனுக்கோ சேர்?"

"எல்லாம் இப்படித்தான்."

"அப்ப எங்கட இடியனுக்கு எந்தப் பக்கம் சேர்?"

வலப்பக்கம் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டான். பெரியப்பாவின் கதையைச் சொன்னேன். அவன் கண்கள் விரிந்தன. தந்தத்தையும் பொன்னையும் விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தான். பேருந்து புத்தளம் தாண்டும்போது எழுந்து வந்து என் பக்கத்தில் அமர்ந்தான்.

"சேர், சேறு இரும்பை வைச்சிருக்கும் தானே? முதிரைக்கட்டை உக்காது தானே?"

உக்காது என்றேன்.

"குளம் வத்திற நேரம் நாங்கள் ஒருக்கால் கிண்டிப் பாப்பமே சேர்?"

அந்தப் பக்கத்தில் மிதிவெடி எடுத்து முடித்துவிட்டார்கள் என்று பலகை இருக்கிறது. இருந்தாலும் வேண்டாம் என்றேன். அவன் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எந்தக் குளம் என்று கேட்டான். நான் சொல்லவில்லை.